முதல் சிரிப்பு என் பொறுப்பு

டூரிங் டாக்கீஸ் நடத்துவதற்கு என்ஜின் ஓட்ட ஒருவர், டிக்கெட் கிழிக்க ஒருவர் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சிரிப்புப் படம் போட்டால் முதலில் சிரித்து வைக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பது எங்கள் மேனேஜர் ஒருவருக்குத்தான் தெரியும். யுத்த காலத்தில் ஆண்டிபட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு டாக்கீஸில் அந்த ஆள் நான்தான். முதலாளி சொன்ன அசட்டு ஜோக்குக்குப் பல்லைக் காட்டியவர்கள், சம்பந்தி வீட்டில் கேட்ட கதையையே திரும்பக் கேட்டுக் குலுங்கியவர்கள் எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என்ன, நீங்கள் சும்மா சிரித்தீர்கள், நான் சம்பளத்துக்குச் சிரித்தேன்.

வேலைக்கு வைத்த கதை

அப்போது புதுப் படம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கையில் இருந்தது ஒரே ஒரு சிரிப்புப் படம். மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு சோம்பேறி மாப்பிள்ளையின் கதை. மாமனார் அவனை ஏதாவது வேலைக்கு ஏவுவார். அவன் அதைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பான். கடைசியில் உதை வாங்குவான். மதுரையில் சக்கைப்போடு போட்ட படம். எங்கள் கொட்டகையில் மட்டும் முதல் நாள் எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் பங்காளி இருப்பான், தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் கொழுந்தியாள் இருப்பாள். முதலில் சிரித்து யார் கேவலப்படுவது? அதனால் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த என்னை மேனேஜர் தரை டிக்கெட்டுக்கு நடுவில் மணலில் உட்கார வைத்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நானே வீட்டோடு மாப்பிள்ளை. மார்க்கையன்கோட்டையில் என் மாமனாருக்கு வாய்க்கால் பாசனத்தில் நஞ்சை. பிள்ளை என்று பார்த்தால் என் மனைவி செல்லம்மாள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு மறுநாளே என் பெட்டி அந்த வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது. டாக்கீஸில் மேனேஜருக்கு அடுத்தபடி நான்தான் என்று அங்கே சொல்லி வைத்திருந்தேன். என் பிழைப்பு என்ன என்று தெரிந்தால் அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதற்கு மேல், நாலைந்து ஆட்டத்திலேயே எனக்குச் சிரிப்பும் வற்றிவிட்டது. தயங்கித் தயங்கி மேனேஜரிடம் போய், சிரிப்பு வரமாட்டேன் என்கிறது, நோட்டீஸ் ஒட்டுகிற வேலை மட்டும் போதும் என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "சிரிப்பு வர்றப்பச் சிரிக்கிறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்? வராதப்பச் சிரிக்கத்தான் உன்னைய வச்சிருக்கேன்."

ஆண்டிபட்டியில் கொட்டிய தண்ணீர்

படத்திலேயே பெரிய சிரிப்பு தண்ணீர்க் காட்சிதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாமனார் தண்ணீர் எடுத்துவரச் சொல்வார். மாப்பிள்ளை நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து வழுக்கி விழுவான். மறுபடி போவான், மறுபடி விழுவான். குடம் உருளும், தண்ணீர் தெருவெல்லாம் ஓடும். நான் மூச்சைப் பிடித்து ஆரம்பித்தேன். என்னோடு சேர ஒரு ஆள் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து "ச்சூ, ச்சூ" என்று சத்தம் மட்டும் வந்தது, யாரோ பச்சைப்பிள்ளையைக் கீழே போட்டுவிட்ட மாதிரி. அந்த வருஷம் அங்கே மழை பொய்த்துப் போயிருந்ததும், கிணறுகள் வறண்டு கிடந்ததும் எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் நோட்டீஸ் ஒட்டப் பசை கரைக்கத் தண்ணீர் கேட்டு வீடு வீடாக அலைந்தவன் நான்தானே. அப்படியும் சிரித்தேன்.

ஆட்டம் விட்டதும் வாசலில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றார். நெசவுக்காரர் வீட்டு அம்மா போல இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். செல்லம்மாள் இடுப்பில் குடத்தோடு வருவது என் கண்ணில் வந்து நின்றது. அவர் கேட்டது இதுதான்: "அந்தக் கொடம் கொட்டுனதுக்குச் சிரிச்சது நீதானப்பா? உங்க வீட்டுல தண்ணிக்கு யாரு போறா?"

ராயப்பன்பட்டியில் ஒரு சாவு

ராயப்பன்பட்டியில் தண்ணீர்க் காட்சிக்கு நன்றாகவே சிரித்தார்கள். எனக்கு வேலையே இல்லை. பாதிப் படத்துக்கு மேல் மாப்பிள்ளையின் தகப்பனார் சாகிற கட்டம் வரும். மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு, மகனுக்குப் புத்தி சொல்லி நீளமாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு உயிரை விடுவார். மற்ற ஊர்களில் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைக்கிற இடம் அது. இங்கே இரண்டாவது அடியிலேயே முன்வரிசையில் ஒரு களுக். பிறகு கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. அழுகிற கட்டத்தில் சிரிப்பது அபசாரம் என்று பதறி, நான் எழுந்து நின்று கையமர்த்தினேன். சிரிக்க வைக்கச் சம்பளம் வாங்குகிறவன் சிரிப்பை நிறுத்தக் கும்பிட்டதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

மறுநாள் மாதா கோயில் உபதேசியாரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர். ஊரில் யார் சாகக் கிடந்தாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். எத்தனையோ பேர் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் சொன்ன மனிதருக்கே சிரிப்பு வந்ததா என்று கேட்டேன். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தம்பி, சாகப் போறவக ஒரு வாய்த் தண்ணி கேக்கவே சீவன் இருக்காது. இவரு மூச்சு வாங்காம அம்புட்டு நேரம் பாடுறாரே, எந்திரிச்சு வயலுக்குப் போகலாம்ல?"

காசு கொடுத்துச் சிரித்தவர்

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா தினமும் வந்தார், தினமும் ஒரு புது விருந்தாளியோடு. மாப்பிள்ளை விழப்போகிறான் என்பதை விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். விருந்தாளி திரையைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா என்று விழிப்பான். ஆனால் அந்தச் சிரிப்பு அசல் சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. தரையில் இருப்பவர்கள் என்னை விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. அன்றைக்குச் சம்பளம் கொடுக்கும்போது மேனேஜர் அதைக் குத்திக் காட்டாமல் விடவில்லை: "அவரு காசு குடுத்து வந்து எப்பிடிச் சிரிக்கிறாரு பாரு. நீ காசு வாங்கிக்கிட்டு இருமுற."

கடைசியாக, மார்க்கையன்கோட்டை

பயந்தது நடந்தது. கொட்டகை என் மாமனார் ஊருக்கே வந்தது. முதல் ஆட்டத்துக்கு வீட்டோடு கிளம்பிவிட்டார்கள். மாமியாரும் செல்லம்மாளும் தட்டிக்கு அந்தப் பக்கம்; மாமா, மேனேஜருக்கு அடுத்தபடியான மாப்பிள்ளையின் டாக்கீஸ் அல்லவா, துவைத்த வேட்டியோடு பெஞ்சில். அன்றைக்கு மட்டும் லீவு கேட்டுக் காலில் விழாத குறையாக மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் விடுகிறவரா? மணலில் போய் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை முதல் தடவை உதை வாங்கினான். நான் சிரித்தேன். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு எழும்பியதே ஒரு சிரிப்பு, எந்த ஊரிலும் அப்படிக் கேட்டதில்லை. திரையில் அவன் விழுந்தால் என்னைப் பார்த்தார்கள். சோற்றுக்குக் கை நீட்டினால் என்னைப் பார்த்தார்கள். "ஏலே, அங்கன ஒருத்தன், இங்கன ஒருத்தன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் நான் முதலில் சிரித்தாக வேண்டும். மேனேஜர் வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் பெஞ்சைப் பார்த்தேன். அத்தனை கூச்சலிலும் மாமா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கோயிலில் உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் வாய்க்கால் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது என் இலையில் அவர் கையாலேயே இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் மாமா வயலுக்குப் போய்விட்டார். செல்லம்மாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். என் பிழைப்பு இன்னதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு மனசு இளகிப் போயிருந்தது. ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தபோது உங்கப்பா ஒருத்தர்தான் சிரிக்கவில்லை, பெற்ற தகப்பன்கூட அப்படி இருக்க மாட்டார், இந்த வேலையை இன்றைக்கே விட்டுவிட்டு அவரோடு வயலில் இறங்கப் போகிறேன் என்று சொன்னேன். அவள் கஞ்சிக் கலயத்தை இறக்கி வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா கொட்டகையில உங்க மொகத்துக்காக அடக்கிக்கிட்டாக. இப்பப் போனா மம்பட்டியப் போட்டுட்டு வரப்புல உக்காந்து ஒத்தையில சிரிச்சுக்கிட்டு இருக்காக. என்னையப் பாத்ததும் இன்னும் கூடிப் போச்சு, எனக்கும் அடக்க முடியலைங்க."

ஒரே படம் ஒருவருக்கு ஏன் சிரிப்பாகவும் இன்னொருவருக்கு ஏன் கசப்பாகவும் இருக்கிறது என்று இப்போதும் யாராவது வாதாடிக்கொண்டிருந்தால், திரையில் விழுகிறவன் யார் வீட்டு மாப்பிள்ளை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.