உறைக்குள் இருந்த பழைய எண்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, நிறுத்திப் போட்ட கணினி மூன்றாவது தடவையாக எழும்பியது. கறுப்புத் திரையின் மேலே இரண்டு வரிகள். முதல் வரி அமைப்பின் பெயர். இரண்டாவது வரி, உள்ளே ஓடுவது எத்தனையாம் பதிப்பு என்பது. அங்கே இரண்டு புள்ளி இரண்டு என்று வந்திருக்க வேண்டும். இரண்டு புள்ளி பூச்சியம் என்றே இருந்தது.

"காக்கா, இது மாறல்லயே," என்றாள் கணினியைப் பார்த்துக்கொள்பவள். அண்ணன் முறையில் என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கந்தோர் இருந்தது. ஒரு நிவாரண நிறுவனத்தின் கிளை அலுவலகம். நான் கொழும்பில் பதினொரு வருடம் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகவும் பிறகு துணை ஆசிரியனாகவும் இருந்துவிட்டு, கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன். கந்தோரில் மாத அறிக்கை எழுதுவது என் வேலை. அவள் அதைத் தட்டெழுதி, தொலைபேசிக் கம்பி வழியாகக் கொழும்புக்கு அனுப்புவாள். அந்தக் கணினியில் லினக்ஸ் ஓடியது. எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர்.

ஆண்டு இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகள் திகதியில் தடுமாறும் என்று எல்லோரும் பயந்த காலம் அது. தலைமைக் கந்தோர் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சீடியும் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. சீடியில் இருப்பதை ஏற்ற வேண்டும். திரையின் முதல் வரிகளை அச்சடித்து வியாழன் நண்பகலுக்கு முன் தொலைநகல் இயந்திரத்தில் பெக்ஸ் பண்ண வேண்டும். புதிய எண் காட்டாத கிளையின் கணினி லொறியில் கொழும்புக்குத் திருப்பி எடுக்கப்படும். அதை இயக்குபவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இந்தக் கடைசி வாக்கியம் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவள் அதை ஒரு தடவை வாசித்து, கடிதத்தை மடித்துத் விசைப்பலகைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள், உம்மா, ஒரே சம்பளம். அந்தக் கதிரையில் அவளுக்கு முன்னர் இருந்தவர் அவளுடைய கணவர். கணினியைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து பூட்டி ஓடவைத்தவரும் அவரே. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார். பஸ் வழியில் மறிக்கப்பட்டது. இறக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் செய்தி இல்லை. அடக்க ஒரு மையத்தும் வரவில்லை. அவள் விதவைபோல வீட்டோடு இத்தா இருக்க வேண்டுமா இல்லையா என்று ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு முடிவதற்குள் நிறுவனம் அவளைக் கூப்பிட்டு அந்தக் கதிரையைக் கொடுத்தது.

லினக்ஸில் ஒரு விடயத்தை இரண்டு விதமாகக் கேட்கலாம். என்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று பட்டியலைக் கேட்டோம்: இரண்டு புள்ளி இரண்டு. இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று கேட்டோம்: இரண்டு புள்ளி பூச்சியம். ஒரே இயந்திரம், ஒரே நிமிடம், இரண்டு பதில். அவள் இரண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாள். பிறகு சீடியைத் திரும்பவும் போட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாள். ஒன்றரை மணித்தியாலம். நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது திரை எழும்பியது. பழைய எண்.

கந்தோருக்குப் பொறுப்பானவரை எல்லோரும் சேர் என்றே கூப்பிடுவோம். அவர் பால் விடாத பிளேன்ரீக் கிளாசோடு வந்து பின்னால் நின்றார்.

"என்ன புள்ள, ஏத்தி முடிஞ்சா?"

"ஏத்தின சேர். உள்ள புதுசு இரிக்கி. வெளிய பழசக் காட்டுது."

"எங்கட கந்தோர் பேர் போட் மாதிரி. பேர் மாறி எட்டு மாசம், வாசல்ல இன்னும் பழைய பேர்தான் தொங்குது." ஒரு மிடறு குடித்தார். "தேர்தல்ல தோத்தவர் கதிரைய விடமாட்டன் எண்டு இரிக்காரோ உள்ள?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் நான் ஒரு வேலை செய்தேன். திரையில் வரும் அந்த இரண்டு வரிகளும் ஒரு சிறிய கோப்பில் சாதாரண எழுத்தாகவே இருந்தன. பத்திரிகையில் பக்கம் அச்சுக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் தலைப்பில் எண் மாற்றியிருக்கிறோம். கை அதற்குப் பழகியிருந்தது. கோப்பைத் திறந்தேன். பூச்சியத்தை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டேன்.

"காக்கா, இது பொய்யில்லயா?"

"உள்ள இரிக்கிறது புதுசுதானே தங்கச்சி. எழுத்துத்தான் பிழை. எழுத்தத் திருத்தினா சரி."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் மாறிய எண்ணை ஒரு தடவை வாசித்தாள். பிறகு அச்சடித்தாள். மூன்றே முக்காலுக்கு பெக்ஸ் போனது. போய்ச் சேர்ந்த சீட்டை அவள் கடிதத்தோடு சேர்த்துக் குத்தினாள்.

நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. தலைமைக் கந்தோரின் கணினிப் பொறியியலாளர். இளம் குரல், கொழும்புத் தமிழ். பெக்ஸ் வந்த எல்லாக் கிளைகளையும் அவர் அப்படிக் கூப்பிட்டுப் பரிசோதித்தார் என்று பின்னர் தெரிந்தது. குரல் பெரிதாகக் கேட்டதால் பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் விளங்கியது.

"மிஸ், மெஷினை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க. மேல வாற லைனை எனக்கு வாசிங்க."

அவள் நிறுத்தி, திரும்பப் போட்டாள். கணினிக்குப் போட்டிருந்த துணி உறைக்குள்ளிருந்து வழக்கமான கரகரப்புச் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு திரை. எழும்பும் ஒவ்வொரு முறையும் இயந்திரம் அந்தக் கோப்பைத் தானே புதிதாக எழுதிக்கொள்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"இரண்டு புள்ளி பூச்சியம்," என்று வாசித்தாள்.

"அப்ப என்ட மேசையில இருக்கிற பேப்பர் என்ன மிஸ்?"

நான் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கியிருக்கலாம். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதிரை தூரம். நான் பெக்ஸ் இயந்திரத்தின் மேல் கிடந்த ஒரு கடதாசியைச் சரிசெய்தேன்.

"மாத்தி எழுதினது," என்றாள். யார் என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் கடதாசி சரசரத்தது. "இத நான் மேல சொன்னா உங்கட வேலை நாளைக்கே போயிடும், தெரியுமா?"

"ஓம்."

"நாளைக்குப் பன்னிரண்டு மணி மட்டும் டைம் தாறன். உண்மையான நம்பர் வரவேணும். மெஷின் ஹார்ட் டிஸ்கிலருந்து எழும்புற மாதிரித் தெரியல்ல. வேற எங்கேயோ இருந்து பழசை எடுத்து ஓடுது. யார் முதல்ல செட் பண்ணினது? அவரைக் கேளுங்க."

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அவர் இல்லாட்டி லொக் புத்தகம் இருக்கா?"

"இரிக்கி," என்றாள்.

இயந்திரத்துக்கு என்ன செய்தாலும் திகதி போட்டு எழுதிவைக்கும் நீளக் கொப்பி அது. எனக்கு அதைத் தெரியும். ஒவ்வொரு நாளும் அவள் அதில் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து புதுப் பக்கத்தில் தொடங்கியிருந்தாள். முன்பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்திருந்தாள். நான்கு கம்பி, சம இடைவெளியில். அதைக் காகிதச் சிக்கனம் அல்லது ஒழுங்கு என்று நான் நினைத்திருந்தேன். மூன்று வருடம் ஒரே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தும் கேட்டதில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவள் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, கம்பிகளை ஒன்றொன்றாக நெம்பினாள். அவசரப்படவில்லை. நாலாவது கம்பி வர நேரம் எடுத்தது. பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க வாசிங்க காக்கா."

நீல மை, சாய்வான எழுத்து, அவளுடைய கணவருடையது. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போனேன். அவர் பஸ் ஏறியதற்கு ஒன்பது நாள் முந்திய பதிவு: "கரண்ட் போனதில் வன்தட்டின் தொடக்கப் பகுதி பழுது. பிளொப்பித் தட்டால் எழுப்பியுள்ளேன். யாரும் கழற்றக் கூடாது. சீடி வந்ததும் திருத்த வேண்டும். தற்காலிகம்." அதற்கு மூன்று நாள் கழித்து: "உறை போடப்பட்டது. பிளொப்பிக்கு வாய் விடவில்லை."

இரண்டாவது பதிவையும் சத்தமாகவே வாசித்தேன். அவள் எழும்பிக் கணினிக்கு முன்னால் போய் நின்றாள்.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அதனால் வானொலிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் துணி உறை தைப்பார்கள். விளிம்பில் பூவேலை செய்வார்கள். கணினிக்கும் உறை இருந்தது. வெளிர்ப் பச்சை. போட்டு நிறுத்தும் ஆழிக்கு ஒரு பொத்தான் துளை, சீடி போகும் இடத்துக்கு ஒரு மடிப்பு. மற்றதெல்லாம் மூடித் தைத்திருந்தது.

"அவர் அளவு எழுதிக்கொண்டுவந்து தந்தார்," என்றாள். "வீட்டுல வெச்சித் தெச்ச நான். அப்ப இந்தச் சாமானக் கண்ணாலயும் கண்டதில்ல. இந்த இடத்துக்குத் துளை வேணாமா எண்டு கேட்ட. வேணாம், ஆரும் கை வெப்பாங்க எண்டார்."

கத்தரிக்கோலால் முன்பக்கத் தையலைப் பிரித்தாள். மூன்று வருடத்தில் ஒரு தடவையும் கழற்றாத உறை. உள்ளே துணி இன்னும் நல்ல பச்சையாக இருந்தது. பிளொப்பி வாயின் குறுக்கே ஒரு ஒட்டுநாடா, மஞ்சளித்துப்போய். நகத்தால் உரித்தாள். பொத்தானை அழுத்தினாள். கறுப்புப் பிளொப்பி அரைவாசி வெளியே வந்து நின்றது. கணினி ஒவ்வொரு காலையும் முதலில் அதைத்தான் வாசித்திருக்கிறது. கரகரப்புச் சத்தம் அதுதான். இயந்திரம் விழிக்கும் சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று கந்தோரில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வன்தட்டின் பழுதைச் சீடி செவ்வாய்க்கிழமையே சரிசெய்துவிட்டிருந்தது. புதியது அங்கே தயாராக இருந்தது. வாயிலில் இருந்த பழையது ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டது.

அவள் பிளொப்பியை முழுதாக இழுத்து மேசையில் வைத்தாள். ஆழியைத் தட்டினாள். இந்தத் தடவை கரகரப்பு வரவில்லை. திரையில் இரண்டு புள்ளி இரண்டு என்று வந்தது. ஒன்பதே காலுக்கு அச்சடித்து பெக்ஸ் பண்ணினாள். பொறியியலாளர் பத்து மணிக்குக் கூப்பிட்டு, மறுபடி நிறுத்திப் போடச் சொன்னார். வாசித்தாள்.

"சரி மிஸ். நேத்து வந்த பேப்பரை நான் கிழிச்சிட்டன்."

தொலைபேசியை வைத்த பிறகு அவள் கொப்பியில் தன் பக்கத்தைத் திறந்து திகதி போட்டாள். "பிளொப்பி கழற்றப்பட்டது. பதிப்பு சரி." அவ்வளவுதான் எழுதினாள். முன்பக்கங்களைத் திரும்பச் சேர்த்து, பழைய ஓட்டைகள் இருந்த இடத்திலேயே ஸ்டேப்ளர் அடித்தாள். பழையபடி நான்கு.

நான் பக்கத்தில் போய், "நேற்று நான் கதைச்சிருக்கணும்," என்றேன்.

"ஓம்," என்றாள். கொப்பியை மூடி அதன் மேல் கையை வைத்தாள். நான் என் மேசைக்குப் போனேன்.

சேர் வந்து திரையைப் பார்த்தார். "ஆ, கதிரைய உட்டுட்டாரா?" என்றார். கொப்பியின் மேல் இருந்த அவளுடைய கையைப் பார்த்தவர், என்ன நடந்தது என்று தெரியாமலே, கிளாசை மேசையில் வைக்காமல் திரும்பிப் போனார்.

மாத முடிவில் ஒப்பந்தம் வந்தது, இன்னொரு வருடத்துக்கு. மணமானவரா கைம்பெண்ணா என்று கேட்கும் குடும்ப நிலைக் கட்டத்தை அவள் போன தடவை போலவே வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள். பச்சை உறையைக் கழுவி, பிரித்த இடத்தை மடித்துத் தைத்து மறுபடி போட்டாள். பிளொப்பிக்கு இப்போது வாய் இருந்தது.

அந்தப் பிளொப்பியை என்ன செய்வது என்று அவள் என்னைக் கேட்டிருந்தாள். அழித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம் என்றேன். வாய் திறந்த பிறகு கந்தோர் வாங்கியவை போதாமல் இருந்தன.

"கந்தோர்ட சாமான்தானே," என்று மற்றவற்றோடு மேசை லாச்சியில் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். அழிக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த லேபிளும் அப்படியே இருந்தது: நீல மையில், சாய்வாக, கழற்ற வேண்டாம்.

சில வாரங்கள் கழித்து மாத அறிக்கையைப் பிரதி பண்ண எனக்கொரு பிளொப்பி தேவைப்பட்டது. லாச்சியை இழுத்தேன். அதுதான் முன்னுக்கு இருந்தது. நான் அதற்கு அடுத்ததை எடுத்தேன்.