சிலிண்டரில் மிச்சமிருந்த காற்று

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் ஓடவில்லை. அடுத்த ஷிப்டுக்கு என்னை மாற்றிவிட வேண்டிய நர்ஸ் வரவில்லை. டாக்டரும் விழுப்புரத்திலேயே மாட்டிக்கொண்டார். ஓயாத வேலையில் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை.

அன்று காலை கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணை அவள் கணவர் நைனார்பாளையத்திலிருந்து சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நிமோனியா. டாக்டர் போனில் சொன்னபடி ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தேன். இருந்தது ஒரே சிலிண்டர். புதிய சிலிண்டர்களோடு வந்த லாரி, மரங்களைத் தாண்ட முடியாமல் தியாகதுருகத்தில் நிற்பதாக டிரைவர் ஒரு கடையிலிருந்து பேசினார்.

சிலிண்டரில் மாட்டியிருந்த மீட்டர் பழையது, அழுத்தத்தைப் பவுண்டில் காட்டும். முள் அறுநூற்றில் நின்றது. சிலிண்டரின் கொள்ளளவு பத்து லிட்டர் என்று கழுத்தில் பொறித்திருந்தது. வெளிக்காற்று ஒரு சதுர அங்குலத்தை ஏறக்குறைய பதினைந்து பவுண்டு அழுத்துகிறது. அப்படியானால் உள்ளே நாற்பது மடங்கு நெருக்கம்; வெளியே விட்டால் நானூறு லிட்டராக விரியும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் அந்தச் சின்னக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

"இது எவ்ளோ நேரம் வரும் சிஸ்டர்?" என்று கேட்டார் கணவர்.

"இப்படியே வுட்டா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. பாதியா கொறைச்சா அதுக்கு ரெண்டு பங்கு. ஆனா அவங்க தாங்கணுங்க."

லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தியாகதுருகத்துக்குப் போனார்.

பாதியாகக் குறைத்துவிட்டு அவள் உதட்டையும் நகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்தேன். நீலம் பாய்வதுபோல் தெரிந்தால் திறப்பேன், தெளிந்தால் குறைப்பேன். ஒருமுறை கண் விழித்து, "அவரு எங்கங்க பூட்டாரு?" என்றாள். உனக்குக் காற்று கொண்டுவரப் போயிருக்கிறார் என்றேன். நம்பினாளா, தெரியவில்லை.

முள் அடிமட்டத்துக்கு வந்தபோது வாசலில் சத்தம். கணவர் சைக்கிள் கேரியரில் சிலிண்டரைக் கட்டித் தள்ள, கூடவே இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்தார்கள். அந்த இருவரும் மரம் வெட்டிப் போட்ட கூட்டத்தில் இருந்தவர்களாம். விஷயத்தைக் கேட்டதும் விழுந்துகிடந்த மரங்களுக்கு மேலாகத் தோளில் தூக்கிக் கடத்தியிருக்கிறார்கள். மீட்டரைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். அவர்களில் ஒருவர் ஸ்பேனரை வாங்கி முடுக்கினார்.

அவள் பிழைத்தாள். சில நாள் கழித்து எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். டாக்டர் வந்து பார்த்து, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றார். சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்தவர்களைப் பற்றிச் சொன்னேன்.