கட்டிலில் கிடந்து எழுந்தவர்கள்

கட்டில்காரர் வீடு எது என்று கேட்டு அந்த ஊருக்கு வருகிறவர்கள் கட்டில் விற்கும் கடையைத் தேடக் கூடாது. விற்கத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் அவர் மனைவி எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பார். இவர் வேலை இரவல் கொடுப்பது. நூலகத்துக்குப் பின்னால் ‘உதவி மையம்’ என்று பலகை தொங்குகிறதே, அதில் முன்னறை நர்ஸம்மாவுடையது, பின்னறை இவருடையது. சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு கிராமங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும். அதனால் கைக்குழந்தைக்காரி, தனியாக இருக்கிற வயசாளி, கால் உடைந்தவர், இடுப்பு பிடித்தவர் எல்லாருக்கும் இந்த இரண்டு அறைகள்தான் கதி.

பின்னறையில் பிடித்து நடக்கிற நாலுகால் சட்டங்கள் ஆறு இருந்தன. சக்கர நாற்காலி மூன்று. ஊன்றுகோல்கள் ஒரு டிரம் நிறைய. ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் ஒன்றே ஒன்று. கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும், இன்னொன்றைச் சுற்றினால் முழங்கால் பக்கம் எழும்பும். படுத்திருப்பவரை யாரும் தூக்காமலே உட்கார வைத்துவிடலாம். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பிட்டராக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவரை, துருப்பிடித்துக் கிடந்த இந்தக் கட்டிலைச் சரிசெய்ய ஒரே ஒரு நாள் வரச் சொன்னார்கள். அந்த ஒரு நாளுக்கு இப்போது ஒன்பது வயது.

பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று மனைவி சொல்வார். சக்கரத்துக்கு எண்ணெய், சட்டத்துக்கு வருஷம் ஒருமுறை பெயின்ட், மெத்தை உறைக்குச் சோப்புத் தண்ணீர் என்று எந்நேரமும் அதையே சுற்றிக்கொண்டிருப்பார். ஊர் மட்டும் அந்தக் கட்டிலுக்கு நல்ல பெயர் வைக்கவில்லை. கட்டில் உள்ளே போனால் ஆள் வெளியே போவான் என்பது ஊர்ப்பேச்சு. அவருடைய சரக்கு ஆட்டோ கட்டிலோடு தெருவில் திரும்பினால், மளிகைக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிடுவார்.

“என்னப்பா, வண்டி கிளம்பிடுச்சா? இன்னைக்கு யாருக்கு டிக்கெட்?”

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கட்டில்காரர் பதில் சொல்லாமல் கியரை மாற்றிக்கொண்டு போய்விடுவார். ஏன் சொல்வதில்லை என்பது அவருக்கும் மளிகைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. நமக்கும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்படி இருக்கையில் தபாலம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பன்னிரண்டு கிராமத்துக்கும் சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரம் ஊன்றி நடக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருப்பது ஒரே மகள். முட்டை அடுக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறவள், முதுகுவலிக்காரி.

திங்கட்கிழமை காலையில் கட்டில்காரர் கட்டிலோடு போய் நின்றார். தபாலம்மா முன்னறையில் தரையில் விரித்த மெத்தையில் படுத்திருந்தார்.

“ஏம்பா, வாசலோட நில்லு. அதை மட்டும் உள்ளே கொண்டு வந்தே, நான் எழுந்து ஓடிப் போயிடுவேன்.”

“நீங்க எழுந்து ஓடினா எனக்கு எதுக்கும்மா இந்த வேலை? சந்தோஷமா திரும்பிப் போயிடுவேன்.”

தபாலம்மா சிரிக்கவில்லை. “பாலத்துப் பக்கம் ஓட்டு வீடு, அங்க போச்சு உன் கட்டில். அவர் போயிட்டாரு. ஆலை லைன் மூணாம் நம்பர், போயிட்டாங்க. கிணத்தடித் தெரு பச்சைக் கதவு வீடு, அவரும் போயிட்டாரு. இன்னும் சொல்லவா?” என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் ஒன்பது வீடுகளையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். ஒரு கதவு நம்பர்கூடத் தப்பவில்லை. தபால் கொடுத்த வாய்.

“எழுந்தவங்களும் இருக்காங்கம்மா.”

“யாரு? ஒரு பேரைச் சொல்லு பார்ப்போம்.”

இருபத்திமூன்று பேருக்குக் கட்டில் கொடுத்ததில் பதினாலு பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் கட்டிலை ராத்திரியில் இறக்கச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள்: வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். சரி என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டினால் ஆட்டியதுதான், அது அவர் சுபாவம்.

வாசலில் நர்ஸம்மா மகளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “முதுகு இப்பவே சிவந்திருக்கு. இப்படித் தட்டையாவே கிடந்தா புண்ணாயிடும், நெஞ்சுல சளி கட்டிக்கும். மணிக்கொரு தரம் தூக்கி உட்கார வைக்க உன்னால ஒருத்தியா முடியாது. கட்டில் வேணாம்னா டவுன்ல முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வரும். அதுக்குள்ள முடிவு பண்ணும்மா.”

“டவுன்ல விட்டா மாசத்துக்கு ஒருதரம்தான் நான் போய்ப் பார்க்க முடியும். லீவு தரமாட்டாங்க” என்றாள் மகள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தபாலம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பயம். கட்டிலைக் கண்டும் பயம், ஊரை விட்டுப் போவதிலும் பயம். அத்தனை வருஷம் எந்த நாய்க்கும் பயப்படாமல் சைக்கிள் மிதித்தவர், இப்போது குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கட்டில்காரர் வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

“செத்தவங்க வீட்டுக்குக் கட்டிலை எடுக்க யார் போறது? நீங்க. அதுவும் பட்டப்பகல்ல, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு. பிழைச்சவங்க என்ன பண்றாங்க? விடியறதுக்குள்ள தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டு வந்து மையத்து வாசல்ல வெச்சுட்டு ஓடிடறாங்க. ஊரு எதைப் பார்க்கும்?”

கட்டில்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷமாக ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் மரியாதைக்கு நாமே நேரில் போக வேண்டும் என்று வழக்கம் வைத்துக்கொண்டதும் அவர்தான், பிழைத்தவர்களின் ரகசியத்தைப் பூட்டி வைத்ததும் அவர்தான். இது உறைக்க ஒரு மனைவி வேண்டியிருந்தது.

மறுநாளே கிளம்பினார். பதினாலு பேரில் நாலு பேர் ஊரையே விட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேர் வேறு நோவில் பிறகு காலமாகிவிட்டார்கள். மீதி எட்டுப் பேரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “தபாலம்மாகிட்ட வந்து, நான் இந்தக் கட்டில்ல கிடந்து எழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்.”

ரிட்டயரான கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “பள்ளிக்கூட பஸ்ஸுல வேலைக்குக் கேட்டிருக்கேன். முதுகு உடைஞ்ச ஆளுன்னு தெரிஞ்சா ஏத்துவாங்களா? ஆளை விடுங்க அண்ணே.” ஒருத்தி மாமியாருக்குத் தெரியாது என்றாள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், அது உலகத்துக்கே தெரியும். புதன் போய், வியாழன் மத்தியானமும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஆள். கட்டில்காரருக்கு அங்கே போகக் கால் எழவில்லை. ஆனாலும் போனார்.

கடையில் வேறு ஆள் இல்லை. மளிகைக்காரர் சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

“என்னப்பா, தபாலம்மாவுக்கு டிக்கெட் கொடுத்தாச்சா?”

“அதைப் பத்தித்தான் வந்தேன். நீ வந்து சொல்லணும்.”

சர்க்கரை கரண்டியிலேயே நின்றது. “யோவ், வாயை மூடு. என் பேரைக் கெடுக்கவா வந்தே?”

கட்டில்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் வாழ்நாளில் மொத்தம் நாலைந்து முறை வந்திருக்கும். “ஏழு வருஷம் முன்னாடி குடோன் ஏணியிலேர்ந்து விழுந்து ஏழு வாரம் என் கட்டில்ல கிடந்தவன் நீ. தம்பி வீட்டுக்குப் போயிருக்கேன்னு ஊருக்கே காது குத்தினே. நான் மூச்சு விட்டேனா? அந்தக் கட்டிலையே நீ நாலு பேர் முன்னால கிண்டல் பண்றே, அதையும் கேட்டுக்கிட்டுத்தான் போறேன். இன்னைக்கும் உன் பேரை நான் சொல்லப் போறதில்ல. வெள்ளிக்கிழமை அவங்களை வேன்ல ஏத்தும்போது நீ கடையிலேர்ந்து வேடிக்கை பாரு.”

மளிகைக்காரர் பொட்டலத்துக்கு நூல் சுற்றினார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் எண்ணெய் வாங்க வந்தார். கட்டில்காரர் இறங்கி நடந்துவிட்டார். அவ்வளவு பேசியிருக்க வேண்டாமோ என்று வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே கட்டிலை ஏற்றிக்கொண்டு தபாலம்மா வாசலில் வண்டியை நிறுத்தினார். யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். உள்ளே மகள் அம்மாவின் துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புடவையை மூன்று தடவை மடித்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பத்தே முக்காலுக்கு முதியோர் இல்லத்து வேன் வந்து, சரக்கு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றது.

அப்போது தெருமுனையில் மளிகைக்காரர் வந்தார். கடையைப் பாதி வியாபாரத்தில் பூட்டிவிட்டு வந்திருந்தார். அந்த ஊரில் அது நடக்கிற காரியம் இல்லை என்பதால் அவர் பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களைப் போகச் சொல்லிவிடுவார் என்று கட்டில்காரர் நினைத்தார். சொல்லவில்லை. நேரே வாசற்படி ஏறி, உள்ளே பார்த்துக் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

“தபாலம்மா, இந்தக் கட்டில்ல நான் ஏழு வாரம் கிடந்தேன்.”



“யாரு, நீயா? எப்போ?”

“ஏழு வருஷம் ஆச்சு. தம்பி வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொன்னேனே, அப்போ.”

தபாலம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “அடப்பாவி! ஏழு வாரமும் உனக்கு வந்த லெட்டரை எல்லாம் உன் தம்பி வீட்டு விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினேனேடா! ‘இங்கே இல்லை’ன்னு எழுதித் திரும்பித் திரும்பி வந்துது. தப்பு நம்ம பேர்ல போலிருக்குன்னு மேலதிகாரிகிட்ட திட்டு வாங்கினேன்!”

“நான் கடைக்கு எதிர்த்தாப்ல என் வீட்டுக்குள்ளேயே, சட்டை மாத்தக்கூட ஆள் தேடிக்கிட்டுக் கிடந்தேன்.”

தபாலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஐயோ, சிரிக்க வைக்காதே, இடுப்பு வலிக்குது” என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் மெல்ல வந்தது. “பயமா இருந்துச்சா உனக்கு?”

மளிகைக்காரர் படியிலேயே உட்கார்ந்தார். “ரெண்டு நாள் கண்ணை மூடவே பயம். இதுல படுத்தவன் எழுந்திருக்க மாட்டான்னு எனக்கும்தானே தெரியும். மூணாம் நாள் இவன் வந்து கைப்பிடியைச் சுத்தி என்னை உட்கார வெச்சான். ஜன்னல் இடுக்கு வழியா எதிர்ல கடை வாசல் தெரிஞ்சுது. நீங்க சைக்கிளை நிறுத்தி, பூட்டின கடையை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனீங்க. நமக்கு லெட்டர் வருது, நாம எழுந்து வாங்கணும்னு தோணுச்சு. சத்தியமா சொல்றேன், அன்னைக்குத்தான் பிழைச்சுக்குவேன்னு நம்பினேன்.”

தபாலம்மா கட்டில்காரரைப் பார்த்தார். “எத்தனை பேருப்பா எழுந்தாங்க?”

“பதினாலு.”

“மத்தவங்க யாரு?”

“அதை நான் சொல்ல மாட்டேம்மா.”

“சொல்லாதே. நீ சொல்லாத ஆள்னு தெரிஞ்சதுனாலதான் நம்பறேன்.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “அந்தப் பையை அவிழ்த்துடு. ஆனா ஒண்ணு, கட்டில்காரரே. இதைத் திருப்பி எடுக்க நீ வரக் கூடாது. நானே கொண்டு வந்து தருவேன்.”

வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று. கட்டிலை உள்ளே இறக்க நாலு பேர் போதும், பத்துப் பேர் கை வைத்தார்கள். கட்டில்காரர் கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தபாலம்மா மெல்ல எழும்பினார். மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள், அரை நாள் வேலையாவது மிஞ்சட்டும் என்று.

அடுத்து வந்த வாரங்களை விரிவாகச் சொல்வதற்கில்லை. வலி இருந்தது, கோபம் இருந்தது, ஒருநாள் தபாலம்மா தம்ளரைத் தூக்கி எறிந்தார். நர்ஸம்மா வந்தார், திட்டினார், போனார். ஏழாவது வாரம் நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு அடி. ஒன்பதாவது வாரம் வாசல்வரை.

பத்தாவது வாரம் ஒரு மத்தியானம் கட்டில்காரர் பின்னறையில் ஒரு சக்கர நாற்காலிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, தெருவில் விடாமல் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தார். மளிகைக் கடைச் சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. மேலே தார்ப்பாய் இல்லை. கட்டில் வெயிலில் மின்னியது. ஓட்டியவர் மளிகைக்காரர், பக்கத்தில் தபாலம்மா. நேர்வழியில் வந்திருந்தால் ஐந்து நிமிஷம்தான். இவர்கள் பாலம், ஆலை லைன், கிணத்தடித் தெரு எல்லாம் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

தபாலம்மா தானாகவே இறங்கினார். யாரையும் பிடிக்க விடவில்லை. சட்டத்தை ஊன்றி ஊன்றி, பின்னறை வாசல்வரை இருபது அடி நடந்து வந்தார். ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டில் அதில் கிடந்து எழுந்த ஆளோடு திரும்பி வந்ததைக் கட்டில்காரர் கண்ணால் பார்த்தது இதுவே முதல் தடவை. பஞ்சர் பசை ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தபாலம்மா இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

“இந்தா, கையெழுத்துப் போடு. பொருளைக் கொடுத்துட்டுக் கையெழுத்து வாங்காம நான் எந்த வாசலையும் தாண்டினதில்ல.”

தாளில் கொட்டை எழுத்தில் ‘கட்டில் ஒன்று, நேரில் நடந்து வந்து ஒப்படைக்கப்பட்டது’ என்று இருந்தது. கட்டில்காரர் கதவில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார், கீழே தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தபாலம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி அவரிடமே நீட்டினார்.

“நேரத்தையும் எழுது. பட்டப்பகல் பன்னிரண்டு மணின்னு எழுது.”