எழுந்து நிற்காத தப்பு

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் விழுப்புரம் போய் பி.ஏ. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் கூலி. சர்க்கார் உதவித்தொகை இல்லையென்றால் எனக்குக் கல்லூரியே கிடையாது.

ஒருநாள் பாடத்தின் நடுவில் ஆபீஸ் குமாஸ்தா உள்ளே வந்து, "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லு, ஸ்காலர்ஷிப் ஃபாரம்!" என்று கத்தினார். கையில் பட்டியல் இருந்தும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. தினமும் என்னோடு சோற்றைப் பகிர்ந்துகொள்பவள் பக்கத்தில் இருந்தாள்; என் சாதி அவளுக்குத் தெரியாது. குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கினேன். எழுந்திருக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

மறுவாரம் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "அன்னிக்கி தூங்கிக்கினு இருந்தியா? நாளைக்கு கடைசி நாளு. மிச்ச ஃபாரம்லாம் திருப்பி அனுப்பியாச்சி" என்று குமாஸ்தா சிரித்தார்.

மறுநாள் அம்மா வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். "லிஸ்ட்ல எம்பொண்ணு பேரு இருக்குதா இல்லியா? பேரச் சொன்னா உன் வாய் சுளுக்கிக்குமா? ஃபாரம் வராம நான் நகர மாட்டேன்" என்று அவர் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கூட்டம் கூடியது. திருப்பி அனுப்பியதாகச் சொன்ன படிவம் அவருடைய டிராயரிலிருந்தே வந்தது!

இன்று திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் அதே வேலையை நான் பார்க்கிறேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆபீசுக்கு அழைத்து ஃபாரத்தைக் கையில் கொடுக்கிறேன். போன மாதம் புதிதாக வந்த குமாஸ்தா, "கிளாஸ்ல நிக்க வச்சா ஜல்தியா முடிஞ்சிடுமே, மேடம்?" என்றார்.

அவர் கையிலிருந்த பட்டியலையும் ஃபாரங்களையும் வாங்கி என் டிராயரில் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.