எந்த வயதானாலும்

மைக் செட் வாடகைக்கு விடுகிற அந்தப் பெண்ணுக்கு மைக்கே தேவையில்லை என்று தெருவில் கேலி பேசுவார்கள். வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் முக்குக் கடையில் உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் மைக்கம்மா என்று பேர் வந்தது. புருஷன் கண்ணை மூடும்போது விட்டுப் போனது ரெண்டு ஆம்ப்ளிபயர், நாலு பெட்டி ஸ்பீக்கர், பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்று, மூட்டை மூட்டையாக ஒயர், தள்ளினால்தான் கிளம்பும் ஒரு லோடு ஆட்டோ. அழுது முடித்த கையோடு ஒயரை முழங்கையில் சுற்றப் பழகிக்கொண்டாள். ஐம்பது தாண்டியும் ஏணியில் ஏறி அவளேதான் ஸ்பீக்கர் கட்டுவாள். கீழே நின்று யாராவது யோசனை சொன்னால், ஏணியைக் காட்டி நீயே ஏறிக்கோ என்பாள். அத்தோடு யோசனை நின்றுவிடும்.

வீட்டின் முன்னறைதான் கடை. பெட்டி ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒரு கட்டில். அதில் அவள் அப்பா. எண்பதைத் தாண்டியவர், அரசாங்கக் கட்டடம் ஒன்றில் காலமெல்லாம் லிப்ட் ஓட்டியவர். பெரிய பெரிய ஆட்கள் அந்தப் பெட்டிக்குள் நின்று சண்டை போடுவதையும், கதவு திறந்ததும் சிரித்துக்கொண்டே வெளியே போவதையும் தினமும் பார்த்தவர். அதனால் யார் எதைச் சொன்னாலும், கதவு திறக்கட்டும் பார்ப்போம் என்கிற மாதிரி ஒரு முகம் அவருக்கு.

மைக்கம்மாவுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அது ஒரு நாள் வெல்டிங் பட்டறைக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு பதிவுச் சான்றிதழோடு வந்து நின்றது. பையன் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததுதான் தாய்க்கு ஆத்திரம். திட்ட ஒன்றும் கிடைக்காமல் அவன் செருப்பைத் திட்டினாள். வீட்டுக்குள் விடவில்லை. மகளும் அம்மாவைக் கொண்டவள்தானே, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தது. முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் பெற்றவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட சம்மதம் வேண்டுமாம். ஊர் ரெண்டாகப் பிளந்தது. பெற்ற வயிறு எரிவதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்று ஒரு கூட்டம். வளர்ந்த பிள்ளைகள் யாரோடு வாழ்வது என்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று ஒரு கூட்டம். முடிவெட்டும் கடையில் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனவன் உண்டு. ஒரே வீட்டில் புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம் என்று ஆகி, முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டவர்களும் உண்டு.

மைக்கம்மா எந்தப் பக்கம் என்று கேட்கவா வேண்டும்? சட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு நல்ல பெட்டி ஸ்பீக்கர். வேண்டாம் என்கிறவர்களுக்கு அந்தக் கரகர குழாய் ஸ்பீக்கர். அவள் மகளே ஒரு நாள் அந்த மேடையில் ஏறினாள். வாயைத் திறந்ததும் ஸ்பீக்கர் கூவென்று ஊளையிட்டது. மைக்கம்மா ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மைக்கை மடக்கி வைத்துவிட்டு வெறும் குரலிலேயே பேசி முடித்தாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. குரல் யாருடைய குரல்?

பிறகு சட்டம் எழுதுகிற குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஊருக்கு வந்தது. மைக்கம்மா மைக் கட்டத்தான் போனாள். பேச வந்தவர்கள் இழுத்து இழுத்துப் பேசினார்கள். நடுவில் மைக் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்தவள் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"முப்பது வயசாயிட்டா பெத்தவங்க பெத்தவங்க இல்லாம போயிடுவாங்களா? அது என்ன கணக்கு? எந்த வயசானாலும் கேட்டுத்தான் ஆகணும்."

மண்டபம் இடிகிற மாதிரி கைதட்டல். குழுவில் இருந்தவர்களுக்கும் கைதட்டல் பிடிக்கும்தானே. சட்டம் வந்தபோது முப்பது காணாமல் போயிருந்தது. ‘எந்த வயதானாலும்’ என்று அச்சடித்திருந்தது. சட்டத்தில் ரெண்டு வார்த்தை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு மைக்கம்மா கொஞ்ச நாள் தரையில் கால் படாமல் நடந்தாள். அப்பா மட்டும் கட்டிலில் இருந்தபடி, மேலே ஏறினது சரி, இறங்குவதற்கு ஆள் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். அவள் காதில் வாங்கவில்லை.

இப்போது காயில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். அவர் பேசினால் எதிரே இருப்பவர் தானாகக் குனிந்து காதைக் கொடுப்பார், அவ்வளவு மெல்லிய குரல். ஆம்ப்ளிபயரில் ஒரு இரைச்சல் வருகிறது என்று அவரைக் கூப்பிட்டாள். இரைச்சல் ஒரே நாளில் நின்றுவிட்டது. அவர் வருவது நிற்கவில்லை. இரைச்சல் திரும்பி வராமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் வந்து பார்க்கிறேன் என்பார். அவளும் நம்புகிற மாதிரி நம்பினாள்.

ஒரு மத்தியானம் மனிதர் கடையிலேயே சுருண்டு விழுந்தார். லோடு ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கரை இறக்கிவிட்டு அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். வார்டு வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கம்மா குரலை இறக்கினாள். ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பண்ணுவார் என்றாள். அப்படியென்றால் வெளியே உட்காருங்கள் என்றான். உட்கார்ந்தாள். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத, காயில்காரரின் அண்ணன் மகன் ஒருவன் பழக்கூடையோடு வந்து விறுவிறு என்று உள்ளே போனான். அந்தப் பெஞ்சு அவளுக்கு முள்ளாகக் குத்தியது. இதயத்தில் அடைப்பு, இன்னும் சில மாதத்தில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதுகூட அந்தக் கூடைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த தடவை அந்தக் கதவு திறக்கும்போது நான் உள்ளே இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அவர் வீடு திரும்பியதும் அவளேதான் கேட்டாள், கட்டிக்கொள்ளலாமா என்று. அவர் என்னவோ முணுமுணுத்தார். அவள் குனிந்து, "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"சரின்னேன். முன்னாடியே சொல்லிட்டேன், உங்களுக்குத்தான் கேக்கலை."

ரெண்டு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். குமாஸ்தா அவளை அடையாளம் கண்டுகொண்டார். கருத்துக் கேட்ட அன்றைக்கு முன்வரிசையில் இருந்த ஆள். காயில்காரருக்குத் தாய் தகப்பன் இல்லை, இறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும். அவள் பக்கம் திரும்பி, உங்கள் அப்பா இருக்கிறாரா என்று விசாரித்தார்.

"இருக்காரு. நல்லாவே இருக்காரு."

"அப்ப அவர் சம்மதக் கையெழுத்து வேணுமேம்மா. எந்த வயசானாலும்." சொல்லிவிட்டு அந்த மனிதர் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது வெளியே தெரிந்தது.

அதனால் என்ன, அப்பா கட்டிலில்தானே இருக்கிறார் என்று படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பா விஷயத்தைக் கேட்டு இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். மாப்பிள்ளை தங்கமான ஆள், அவன் குரலுக்கும் உன் குரலுக்கும் கூட்டிக் கழித்தால் சரியாக வரும், தாராளமாகக் கட்டிக்கொள் என்றார். அவள் பேனாவை நீட்டினாள். அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாயால ஆயிரம் தடவை சொல்றேன் பாப்பா. இதுல போட மாட்டேன்."

"ஏம்ப்பா?"

"போட்டா, அறுபதை எட்டிப் பிடிக்கப் போற பொம்பள எங்கிட்ட அனுமதி கேக்கணும்ங்கிறது சரின்னு ஆயிடும். எங்க நின்னு கத்துனியோ அங்கயே போய் மாத்திக் கத்து."

கெஞ்சினாள். பேசாமல் இருந்து பார்த்தாள். வாய் ஓயாமல் பேசியும் பார்த்தாள். ஒரு நாள் பென்ஷன் தாளுக்கு அடியில் இந்தப் படிவத்தைச் சொருகி, இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று அவசரப்படுத்தினாள். கிழவர் பூதக்கண்ணாடியை எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு, எந்த மாடி என்று பார்க்காமல் நான் எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை என்று படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இதற்குள் காயில்காரருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் வீம்பு இறங்கியது. அதுவும் பாதிதான்.

சட்டம் வேண்டாம் என்கிறவர்களின் அடுத்த கூட்டத்துக்கு, யாரும் கேட்காமலே பெட்டி ஸ்பீக்கர் நாலும் போய் இறங்கின. மைக்கம்மா நேராக மேடை ஏறினாள். மேடையில் மகள் இருந்தாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். இந்தச் சட்டத்தை எடுக்க வேண்டும் என்று மைக்கம்மா ஆரம்பித்ததுமே, கீழே வேடிக்கை பார்க்க வந்த பழைய கூட்டாளி ஒருவர் எழுந்து, போன வருஷம் வேறு மாதிரி பேசினீர்களே என்று கேட்டார்.

"போன வருஷம் உங்க வீட்டுக் கல்யாணத்தைப் பத்திப் பேசினேன். இப்ப என் வீட்டுக் கல்யாணத்தைப் பத்திப் பேசறேன்."

கூட்டம் சிரித்து அடங்க நேரம் ஆனது. அவள் சிரிக்கவில்லை. "சட்டம்னா அடுத்த வீட்டுக்குன்னுதான் நெனச்சேன். நீங்க எல்லாரும் வேற எதை நெனச்சுக் கை தட்டுனீங்க?"

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வருமா? வரவில்லை. இறங்கும்போது மகள் காதோரம் வந்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கப் போறியாமே. எங்கிட்ட சம்மதம் கேட்டியாம்மா?"

"நீ கேட்டியா?"

"இல்ல."

"அப்ப சரியாப் போச்சு. அந்த ஒயரைச் சுத்து."

மகள் சுற்றினாள்.

கத்தினால் மட்டும் சட்டம் மாறிவிடுமா? அதற்கு முன்னால் ஆபரேஷன் நாள் வந்துவிட்டது. அதே வார்டு வாசல், அதே காவலாளி. இந்தத் தடவை அப்பாவும் தடியை ஊன்றிக்கொண்டு கூட வந்திருந்தார். காவலாளி வாயைத் திறப்பதற்குள், உள்ளே இருக்கிறவனைப் பெற்றவன் நான், இது என் பெண் என்று ஒரே போடாகப் போட்டார். பெண் என்றதாவது உண்மை. அவன் வழிவிட்டான். ராத்திரி முழுக்க மைக்கம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள், சத்தமே காட்டாமல்.

விடிகிற நேரம் கண்ணசந்தவளை நர்ஸ் வந்து எழுப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "அக்கா, உங்க தம்பி கண்ணு முழிச்சிட்டார்" என்றது.

அக்கா என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். தன்னைவிட மூத்தவரைத் தம்பி என்றதுதான் தாங்கவில்லை. அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே வந்தது.

"தம்பி இல்ல. நான் கட்டிக்கப் போறவரு. கவர்மெண்டுதான் இன்னும் விடலை."

எல்லாக் கட்டிலிலும் தலை தூக்கிப் பார்த்தார்கள். நர்ஸ் கிழவரைப் பார்த்து, அப்படியென்றால் நீங்கள் யார் என்றது. நான் லிப்ட்காரன் என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். கட்டிலில் இருந்தவர் ஏதோ முணுமுணுத்தார். நர்ஸும் மைக்கம்மாவும் ஒன்றாகக் குனிந்தார்கள். சிரிக்க வைக்காதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்றாராம். நாற்காலியை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அண்ணன் மகன் கூடையோடு வந்தபோது அவள்தான், ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுப் போ என்று அவனுக்கு அனுமதி கொடுத்தாள்.

பிறகு தேர்தல் நெருங்கியது. ஊருக்கு ஊர் எதிர்ப்பு வலுத்து, அரசாங்கம் பழையபடி முப்பது என்று வயதை இறக்கியது. அது தன் பேச்சால்தான் என்று மைக்கம்மா இன்றைக்கும் சாதிப்பாள். அந்த முப்பதும் எதற்கு என்று மகள் இன்னும் மேடை ஏறிக்கொண்டிருக்கிறாள், அம்மாவின் பெட்டி ஸ்பீக்கரோடு.

பதிவு அலுவலகத்துக்கு நாலு பேருமாகப் போனார்கள். குமாஸ்தா இந்தத் தடவை குனியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள். கிழவர் சலவைச் சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்து, தன்னை எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. பெரியவர் சம்மதம் இனித் தேவையில்லை, வெளியே காற்றாட உட்காரலாமே என்று குமாஸ்தா மரியாதையாகச் சொன்னதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சாட்சி வேணுமா, வேணாமா?"

ரெண்டு பேர் வேண்டும், பேத்தி ஒன்று, இன்னொருவர் யார் என்றார் குமாஸ்தா.

"பேனாவைக் கொடு. சம்மதம்னாத்தான் போட மாட்டேன். சாட்சின்னா போடுவேன்."

போட்டார். நடுக்கம் பிடித்த எழுத்து ஓரத்தைத் தாண்டி ஓடி மாப்பிள்ளை பெயரின் மேலேயே ஏறிவிட்டது. குமாஸ்தா உச்சுக் கொட்டினார். காயில்காரர் என்னவோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. மைக்கம்மா தன் குரலில் எடுத்துச் சொன்னாள், இருக்கட்டும் என்கிறாராம்.