பிரிஜித் நாளுக்குக் கேட்ட சால்வை

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். நான் குடியிருக்கும் சீசாப் பகுதியில் பேருந்து ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. 7.25க்கு லிபெர்த்தா தெருவில், நான் பராமரிக்கும் மூதாட்டியான சின்யோராவின் வீட்டுக் கதவைத் திறந்தேன். மாத்திரை, ஓட்ஸ் கஞ்சி, பிறகு படுக்கை விரிப்பு. ஆறு வருடமாக இதே ஒழுங்கு.

சின்யோரா இந்த ஊர் இத்தாலியர் ஒருவரை மணந்து அயர்லாந்திலிருந்து வந்தவர். இப்போது எண்பத்து மூன்று வயது, கணவர் இல்லை. நாங்கள் பேசுவது இத்தாலிய மொழி. அவர் சொன்னதை இங்கே எங்கள் மன்னார்ப் பேச்சில் எழுதுகிறேன்.

கஞ்சியை முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நீ போர்க்கிற சால்வையை இண்டைக்கு இஞ்சை விட்டிட்டுப் போ. தோய்க்க வேண்டாம். இரவைக்கு பால்கனிக் கம்பியிலை போடவேணும்."

போட்ட துணியைத் தோய்க்காமல் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே சந்தேகம் தொடங்கியிருந்தது. அன்று பூக்கடையில் கோரைப்புல் வாங்கி வரச் சொல்லி, அதில் ஒரு சிலுவை பின்னினார். நான் மன்னாரில் குருத்தோலைச் சிலுவை மடித்துப் பழகியவள். எங்கள் சிலுவை நேராக நிற்கும். இது நடுவில் சதுரம் வைத்து, நான்கு கையும் ஒவ்வொரு பக்கம் விலகி, சில்லுப்போலச் சுழன்றது. கேட்டதற்கு, பெப்ரவரி முதலாம் திகதி புனித பிரிஜித் திருநாள் என்றார். சாகக் கிடந்த ஒரு தலைவனின் பக்கத்தில் இருந்து, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துப் பின்னி, பிரிஜித் இயேசுவைப் பற்றிச் சொன்னாராம். வாசலுக்கு மேலே மாட்டினால் வீடு தீப்பிடிக்காதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவவுக்கு முந்தி அதே பேரிலை ஒரு பெண் தெய்வமும் இருந்ததாம்," என்றார், சர்வசாதாரணமாக.

10.40க்கு சின்யோரா கண்ணயர்ந்ததும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"போட்ட துணி கேக்கிறாவோ? செய்வினைக்குத்தானேயடி அப்பிடிக் கேப்பினம். குடுக்காதை."

"அயர்லாந்திலையும் செய்வினை இருக்கோ?"

"ஏன், அங்கை எரிச்சல் பிடிச்ச சனம் இல்லையோ? வேணுமெண்டால் உன்ரை மனுசன்ரை சட்டையைக் குடு. அந்தாளுக்கு இனி என்ன நடக்கக் கிடக்கு."

நான் சிரிக்கவில்லை. சின்யோராவின் தெருவிலேயே வேறொரு வீட்டிலும் என்னை வேலைக்குக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அது சின்யோராவின் காதுக்கு எட்டிவிட்டதோ? என்னைக் கட்டிப்போடத்தான் சால்வையோ?

மருந்து வாங்கப் போனபோது அதே நிறத்தில் புதுச் சால்வை ஒன்று வாங்கினேன். விலைச்சீட்டை வெட்டிவிட்டு 3.30க்குக் கொடுத்தேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதிலை கடை மணக்குது. பிரிஜித்துக்கு ஆளைத் தெரியவேணும்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "என்ரை துணி உங்களுக்கு ஏன், சின்யோரா? எங்கடை ஊரிலை கெடுதல் செய்யத்தான் அப்பிடிக் கேப்பினம்."

அவர் புதுச் சால்வையை மடித்துத் திருப்பித் தந்தார். "நல்ல காலம் குடுக்கேல்லை. எங்கடை ஊரிலையும் அந்தப் பயம் இருக்கு. என்ரை அம்மாவும் குடுத்திருக்கமாட்டா," என்றார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சாயம் போன நீலத் துணி ஒன்றை எடுத்தார். திருநாளுக்கு முதல் இரவு வெளியே போட்டால் பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது தொடுவாராம். அந்தத் துணியைத் தலையில் கட்டினால் தலையிடி நிற்குமாம்.

"எனக்கு இது இருக்கு. நீதான் மாதத்திலை நாலு நாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சமைக்கிறாய். கிழவிக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

என் தலையிடியைப் பற்றி நான் அந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை போய்விடும் என்று பயம்.

5.00 மணிக்கு என் சால்வையை நானே கம்பியில் போட்டேன். மடிப்பையும் முனைகள் தொங்கிய அளவையும் கவனித்துக்கொண்டேன். தோளில் குளிரோடு பேருந்துக்கு நடந்தேன். நம்பிவிட்டேன் என்று எழுதினால் பொய்.

சனிக்கிழமை காலை 7.25க்கு, மேலங்கியைக் கழற்றாமலே பால்கனிக்குப் போனேன். மடிப்பு நான் விட்டபடியே இருந்தது. விரித்து நான்கு முனையும் பார்த்தேன். செய்வினைக்குப் போடும் முடிச்சு இல்லை, மயிர் இல்லை, பனி ஈரம் மட்டும். தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று மற்ற வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.