கை கழுவும் இடத்தில் காட்டியது

ஈரக் கையோடு விரல் மூட்டால் செல்போன் திரையில் வட்டம் போட்டால் தோட்டத்து மோட்டார் ஓடும்படி என் மருமகள் ஒரு வசதி செய்திருந்தாள். அதற்குக் காப்புரிமை கேட்க இருவரும் வழக்கறிஞரிடம் போனோம்.

"வெளியில யாருக்காச்சும் காட்டுனீங்களா? காட்டியிருந்தா புதுசுன்னு சொல்ல முடியாதுங்க," என்றார் அவர்.

"இல்லீங்க," என்றாள்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவிய இடத்தில், ஈரக் கையாலேயே அதைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டியிருந்தேன். அவர்களில் பாதிப் பேர் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்கிறவர்கள். வீடியோவும் எடுத்தார்கள். படித்தவன் நான்; பெருமையில் எதையும் யோசிக்கவில்லை.

"நான் காட்டிப்போட்டேன் அம்மணி."

"யாருக்குங்க மாமா?"

"கை கழுவ வந்த எல்லாருக்கும்."

அவள் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.